முன், பின்

ஜனவரி 6, திங்கள்

சென்னை அலுவலகத்திலிருந்து நீளமான அட்டைக்குழாய் ஒன்று பார்சலில் வந்தது. உள்ளே சுருட்டிய சுவரொட்டி. பிரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, என் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் படத்தில் இருக்கும் பூமயில் என்னைவிட உயரமாக இருக்கிறார்.

இரண்டு படங்கள். இடப்பக்கம் 'முன்': காய்ந்த பொட்டல், தள்ளுவண்டியில் தண்ணீர் நிறைந்த எட்டு பிளாஸ்டிக் குடங்கள், அதைத் தள்ளிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார், முகமெல்லாம் வேர்வை. வலப்பக்கம் 'பின்': அதே வண்டி, காலிக் குடங்கள், முதுகைக் காட்டி நடக்கிறார், பக்கத்தில் நீலச் சுவரோடு எங்கள் தொண்டு நிறுவனம் கட்டிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். கீழே நான் ஆங்கிலத்தில் எழுதிய நாலு வரி. இந்த வருட ஆண்டறிக்கையின் அட்டையும் இதுதான். வெளிநாட்டில் உள்ள தலைமையகத்தின் வரவேற்பறையிலும் மாட்டியிருக்கிறார்களாம்.

அட்டையை வடிவமைத்த பெண் டிசம்பரில் போனில் கேட்டாள். "மேடம், ரெண்டு படத்துலயும் ஒரே சேலையா இருக்கே?"

"அவங்ககிட்ட எத்தன சேலை இருக்கப் போகுதுங்க?" என்றேன்.

அவள் வருத்தமாக 'ஓ' என்றாள். அந்த 'ஓ'வை எல்லோரிடமும் வாங்கித் தருவதுதான் என் வேலை.

இராமநாதபுரம் வந்து நான்கு மாதம் ஆகிறது. நான்கு மாவட்டம், நூற்றுப் பன்னிரண்டு கிராமம், ஒரு தகவல் தொடர்பு அலுவலர். பூமயிலின் ஊரான மாயனேந்தலுக்கு இன்னும் போகவில்லை. போக நேரம் இல்லை.

ஜனவரி 8, புதன்

இன்று வாய்விட்டுப் பேசியவை: "ஒரு கேன் போதுங்க." "சில்லறை இல்லீங்களே." "ஹலோ, கேக்குதுங்களா?" மற்றதெல்லாம் மின்னஞ்சல்.

ஜனவரி 12, ஞாயிறு

கோவையிலிருந்து அண்ணன் போன். ஞாயிறு பதினொரு மணிக்கு வரும், மூன்று நிமிடம் இருக்கும்.

"பொங்கலுக்கு வர்றியா அம்மிணி?"

"வேலை கெடக்குதுண்ணா."

"சரி, சரி."

இரண்டாவது 'சரி' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அண்ணன் மகளுக்கு இந்தத் தையில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பொங்கலுக்கே வருகிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் தனியாக இருக்கும் அத்தை நடுவீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். அண்ணன் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை கிடக்கிறது என்றது பொய்யில்லை. துணி துவைக்கக் கிடக்கிறது.

ஜனவரி 15, புதன்

மெஸ்ஸுக்கு மூன்று நாள் விடுமுறை. வாசல் பலகையில் 'பொங்கள் வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள். திருத்தக் கை பரபரத்தது. சாக்பீஸ் இருந்திருந்தால் திருத்தியிருப்பேன். ரொட்டி வாங்கி வந்து ஜாம் தடவிச் சாப்பிட்டேன். பொங்கலும் இனிப்புத்தானே.

ஜனவரி 21, செவ்வாய்

இந்த அலுவலகத்தில் தினமும் இருப்பது நானும் கள ஒருங்கிணைப்பாளர் சகுபர் பாயும்தான். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. காலை எட்டு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனால் ஐந்து மணிக்குத் திரும்புவார். சொற்களை ரேஷனில் வாங்குகிறவர்போலப் பேசுவார். "எப்படி இருந்துச்சு பாய்?" என்றால் "வெயிலு" என்பார். வாட்ஸ்அப்பில் அதையும் குறைத்துக்கொள்வார்.

எனவே பகல் முழுக்க அறையில் நான் மட்டும். இன்று மதியம் நாற்காலியைச் சுவரொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டேன். கணினியைப் பார்த்துச் சாப்பிடுவதற்கு ஒரு முகத்தைப் பார்த்துச் சாப்பிடலாம். கண் வலிக்கு நல்லது.

ஜனவரி 29, புதன்

கிளம்பும்போது சுவரைப் பார்த்து "வரட்டுங்களா?" என்று சொல்லிவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சென்னையிலிருந்து ஹெலன் மேடம் அழைத்தார். மாநிலத்துக்கே தலைவர் அவர். என்னிடம் நேரடியாகப் பேசியது இது இரண்டாவது முறை. தலைமையகத்திலிருந்து இங்க்ரிட் என்ற அம்மையார் மார்ச் 13 அன்று வருகிறாராம். மாயனேந்தல் போக வேண்டுமாம், அட்டைப்படப் பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். மார்ச் 31உடன் குடிநீர்த் திட்டம் முடிகிறது. அதற்குள் ஒரு நல்ல சந்திப்பு, ஒரு சின்ன வீடியோ.

"உங்க கேப்ஷன் அவங்களுக்கு அப்படியே மனப்பாடம் ரேணுகா," என்றார்.

எனக்கும்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முன்பு பாதி நாள் தண்ணீருக்கே போய்விடும். இப்போது சாயங்காலம் உட்கார எனக்கு நேரம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது. பேச்சுக்குரல் கேட்டால்தான் அது வீடு.'

பூமயில் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் போட்டது. படங்கள் சகுபர் பாய் அக்டோபரில் அனுப்பியவை. "என்ன இருக்கோ அனுப்புங்க பாய், அவசரம்" என்று கேட்டிருந்தேன். சொற்களும் அவரிடம் கேட்டேன், போன் எடுக்கவில்லை. கெடு மறுநாள் காலை. நானே எழுதினேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

ஏற்பாடுகளுக்காக அடுத்த வாரமே பூமயிலைப் பார்க்கப் போகிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தைய நாள்போல இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பஜாரில் பூமயிலுக்கு ஒரு சேலை எடுத்தேன். மயில்கழுத்துப் பச்சை. வீடியோவில் நன்றாகத் தெரியும். கடைக்காரர் "யாருக்கும்மா, தங்கச்சிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எங்கே நேரம்.

பிப்ரவரி 12, புதன்

எழுத உட்கார்ந்து அரைமணி ஆகிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு சகுபர் பாயின் பைக்கில் போய் இறங்கினேன். ஊர் முகப்பிலேயே அந்த நீலச் சுவர். கதவில் பூட்டு, பூட்டில் துரு. வெளியே உள்ள மூன்று குழாய்களில் ஒன்றின் வாயில் சிலந்தி வலை.

"இன்னிக்கு லீவுங்களா பாய்?" என்று கேட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பூமயில் வீடு இரண்டாவது தெருவில். சுவரொட்டியில் இருப்பதைவிடக் குள்ளம், கறுப்பு, வாய் நிறையச் சிரிப்பு. "படம் போட்ட மேடமா? வாங்கக்கா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீக." உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்வராணியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சேலையை நீட்டினேன். நாலு பேரும் தடவிப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கு. எதுக்குக்கா இதெல்லாம்?"

"இல்லீங்க, ரெண்டு படத்துலயும் ஒரே சேலை கட்டியிருந்தீங்க, அதான்..."

"ஒரே நாளு எடுத்த படத்துல ஒரே சேலைதானக்கா இருக்கும்? நடுவழியில நின்னு மாத்தவா முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த 'ஒரே நாளு' எனக்கு உறைத்தது.

"ஒரே நாளுங்களா?"

"ஆமா. தண்ணிக்குப் போகயில பின்னால இருந்து ஒண்ணு எடுத்தாக பாயி. எடுத்துக்கிட்டு வாரயில முன்னால நின்னு ஒண்ணு எடுத்தாக."

சகுபர் பாய் தன் போனில் தேடி, அக்டோபர் 17 அன்று எனக்கு அனுப்பியதைக் காட்டினார். என் போனிலும் இருக்கிறது. ஆறே சொல். 'பூமயில். மாயனேந்தல். தண்ணீர் விஷயமாக. முன். பின்.'

"முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. அதத்தான மேடம் எழுதுனேன்," என்றார்.

முன் என்றால் முன்பு, பின் என்றால் பிறகு. நான் அப்படித்தான் படித்தேன். எனக்கு ஒரு முன்னும் ஒரு பின்னும் தேவைப்பட்டன, கேட்டவுடன் வந்துவிட்டன. சந்தேகமே வரவில்லை. சேலை பற்றிக் கேட்ட பெண்ணுக்குக்கூட நான்தான் பாடம் நடத்தினேன்.

ஆகஸ்டில் திறந்த நிலையம் பத்தொன்பது நாள்தான் ஓடியிருக்கிறது. உப்பை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொண்டது. போட்டுக் கொடுத்த கம்பெனி ஆள் திரும்பி வரவில்லை. ஊர்ப் பெண்கள் பூட்டிய நிலையத்தைத் தாண்டி, பழையபடி இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின்ரோட்டுக் குழாய்க்குத்தான் போகிறார்கள். சகுபர் பாய் இதைச் சென்னைக்கு எழுதியிருக்கிறார். அதற்குச் சான்றாக எடுத்த படங்கள்தான் அவை.

அவருடைய புகாரை நான் அட்டைப்படம் ஆக்கிவிட்டேன்.

"அறிக்கை வந்தப்பவே சொல்லியிருக்கலாமேங்க பாய்?"

"இங்கிலீசு புக்கு. படம் பெருசா வந்திருந்துச்சு. நம்ம புகார எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போட்டுட்டீகன்னு சந்தோசப்பட்டேன் மேடம்."

அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பூமயில் கேட்டார். தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இத நான் சொல்லலயேக்கா."

"இல்லீங்க. நான்தான் எழுதுனேன்."

"பேச ஆளு இல்லாமயா நாங்க இருக்கோம்? வண்டி தள்ளுற நேரம் பூராம் பேச்சுத்தான். எங்ககிட்டச் சேலையும் இருக்கு, பேச ஆளும் இருக்கு. தண்ணிதான்க்கா இல்ல." பிறகு என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இது பேச ஆளில்லாத யாரோ சொன்ன மாதிரில்ல இருக்கு. உங்க வீட்டுல யாருக்கா இருக்கா?"

"மெஸ்ல சாப்பிடறேனுங்க," என்றேன்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. அவர் மேலே கேட்காமல் எழுந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு கிலோமீட்டர் தள்ளிவந்த தண்ணீர். சொம்பை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கிளம்பும்போது சகுபர் பாய் வழக்கத்துக்கு மாறாக நாலு வாக்கியம் பேசினார். "முப்பத்தொண்ணாந் தேதி 'முடிஞ்சது'ன்னு ஃபைல மூடிருவாக மேடம். மூடிட்டா இந்தத் தண்ணி ரூம்பு யாருக்கும் சொந்தம் இல்ல. ரிப்பேருக்கு யாருகிட்டயும் போய் நிக்க முடியாது. ஏப்ரல்ல ரோட்டுக் குழாயில நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி."

பிப்ரவரி 13, வியாழன்

ஹெலன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரேணுகா, இதை மெயில்ல போடாதீங்க, ப்ளீஸ். விசிட் முடியட்டும். ரிப்பேர் பத்தி அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா எப்பங்க மேடம்? மாசக் கடைசியில ஃபைல் மூடிருமே."

"இதுல ஏதாவது தப்பாப் போனா அடுத்த திட்டமே நமக்கு வராது. அறுபது பேரு வேலை இதுல இருக்கு. உங்களோடதும்தான். உங்க கான்ட்ராக்ட் முப்பத்தொண்ணு வரைக்கும்தானே?"

மிரட்டவில்லை. களைப்பாகத்தான் கேட்டார். அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் சங்கடம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மதியம் நாற்காலியைப் பழையபடி கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சாக்கு எதுவும் இல்லாமல் மாயனேந்தல் போய்விட்டு வந்தேன். சகுபர் பாயிடம் 'வீடியோ வேலை' என்றேன். அவர் நம்பியதுபோல நடந்துகொண்டார்.

பூமயிலோடு மெயின்ரோட்டுக்கு நடந்தேன். போகும்போது வண்டி கடகடவென்று ஓடுகிறது. வரும்போது எட்டுக் குடமும் சேர்ந்து பின்னால் இழுக்கிறது. நானும் ஒரு கை கொடுத்தேன். "நீங்க தள்ளுறது எனக்கு வண்டிய இழுக்குற மாதிரி இருக்குக்கா, சும்மா வாங்க," என்றார். பெண்கள் வழியெல்லாம் யார் வீட்டு மருமகள் எப்போது கோபித்துக்கொண்டு போனாள் என்று பேசி வந்தார்கள். ஒரு மேட்டில் பூமயில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். வீங்கியிருந்தது. அடுத்த வாரம் செல்வராணிக்குப் பரீட்சை ஆரம்பம். தண்ணீர் குறைந்துவிட்டால் அது வரும் நாளில் இரண்டு நடை போக வேண்டும், இரண்டாவது நடை மகள்தான் தள்ள வேண்டும்.

"அந்தப் பெரிய அம்மா வந்தா நீங்கதான அவுக பாசைல சொல்லுவீக?"

"ஆமாங்க."

"சரி," என்றார். அண்ணனுடைய 'சரி'போல இல்லை இது. இதில் ஏதோ என் கையில் கொடுக்கப்பட்டது.

திரும்பி வந்து, வெகுநாள் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எட்டு வருடம் ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். கடைசி இரண்டு வருடம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டுகளில்தான் எங்கள் பேச்சு. 'பால் இருக்கிறது.' 'வர நேரமாகும்.' கடைசிச் சீட்டில் 'வழக்கறிஞர் எண் கீழே' என்று இருந்தது. சுருக்கமாக எழுதுவதில் அவரும் கெட்டிக்காரர்தான்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. சகுபர் பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "வீட்ல குடுத்தாக." அவ்வளவுதான். சூடாக இருந்தது. மூன்று டம்ளர் குடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

சென்னையிலிருந்து நிகழ்ச்சி நிரல். பன்னிரண்டாம் தேதி நிலையத்தின் மேல்தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பப்படும். பதின்மூன்றாம் தேதி பத்தரை மணிக்குக் குழாய் திறக்கப்படும். 'உரையாடல்: பூமயில். மொழிபெயர்ப்பு: ரேணுகா.' அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு போட்டார்கள். நீலச் சுவருக்கு மறுபடி நீலம். லாரி வந்தது. சிலந்தி வலையை நானே துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. அழுக்கைக் கண்டால் கை தானாகப் போகிறது.

மார்ச் 13, வியாழன்

இங்க்ரிட் அம்மையார் நெட்டையானவர். வெள்ளை முடி, பெரிய தொப்பி, கண்ணில் ஒரு கூச்சம். ஹெலன் மேடம் பக்கத்திலேயே நின்றார். குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது, கைதட்டல். பூமயில் நான் வாங்கித் தந்த பச்சைச் சேலையைக் கட்டி வந்திருந்தார். படத்தில் பார்த்த முகத்தை நேரில் பார்த்ததில் அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நிலையம் வந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

பூமயில் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அக்கா, நான் சொல்றத அப்படியே சொல்லுவீகளா? இல்ல, போன தடவ மாதிரி நீங்களா எதாச்சும் சொல்லுவீகளா?"

ஹெலன் மேடத்துக்குத் தமிழ் தெரியும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்காது. எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அந்தக் கேள்வியையே முதலில் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடாமல்.

அம்மையார் புருவத்தைச் சுருக்கினார். பூமயில் தலையை ஆட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். "இப்ப வந்தது லாரித் தண்ணி. நேத்து ஊத்துனாக. பத்தொம்பது நாள் ஓடுச்சு, பெறகு பூட்டிட்டாக. நாங்க இன்னமும் ரோட்டுக்குத்தான் போறோம். ரூம்பு நல்லாத்தான் கட்டியிருக்கீக, குறை சொல்லல. தண்ணி வரட்டும், பெறகு நீங்க போங்க." வாக்கியத்துக்கு வாக்கியம் சொன்னேன். மெருகு எதுவும் ஏற்றவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அம்மையார் தன் பையிலிருந்து ஆண்டறிக்கையை எடுத்து அட்டையைக் காட்டினார். அப்படியானால் இது என்ன?

எங்கள் மொழியில் முகம் இருக்கும் பக்கமும் முன்தான், கழிந்துபோன காலமும் முன்தான் என்று விளக்கினேன். முதுகும் பின், இனி வருவதும் பின். படம் எடுத்தவர் ஒன்றைச் சொன்னார், நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். கீழே உள்ள சொற்கள் இவருடையவை அல்ல, என்னுடையவை. மன்னிக்க வேண்டும்.

கடைசி வார்த்தையை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு பூமயிலிடம் தமிழிலும் சொன்னேன்.

அம்மையார் சகுபர் பாயிடம் புகார்க் கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். நோன்போடு வெயிலில் நின்ற மனிதர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். எத்தனை நாளாக அதைப் பையிலேயே வைத்திருந்தாரோ.

திரும்பும்போது காரில் ஹெலன் மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். இராமநாதபுரம் வந்ததும், "எங்கிட்டச் சொன்னீங்க, நான்தான் கேக்கல," என்றார். பிறகு, "ஆனா உங்களக் காப்பாத்த என்னால முடியாது," என்றார்.

மார்ச் 14, வெள்ளி

பயமாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது: தொடர்ந்து அறுபது நாள் ஓடும் வரை மாயனேந்தல் நிலையத்தின் கோப்பு மூடப்படாது, சுவரொட்டி திரும்பப் பெறப்படுகிறது. இரண்டாவது: தகவல் தொடர்பு அலுவலர் பணியிடம் மறுசீரமைக்கப்படுவதால் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. எனது பங்களிப்புக்கு நன்றி.

இரண்டிலும் பிழை இல்லை. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

கம்பெனி ஆள் வந்து புது மெம்பரேன் போட்டான். ஒன்றேகால் மணிக்குத் தண்ணீர் வந்தது. இன்னும் லேசாக உப்பு. "ரெண்டு நாள் ஓடுனாச் சரியாப் போகும்," என்றான். பூமயில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு எட்டுக் குடத்தையும் நிரப்பிக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

கடைசி வேலை நாள். சுவரொட்டியைக் கழற்றினேன். டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. சுருட்டி அதே அட்டைக்குழாயில் போட்டேன். "வரட்டுங்களா?" என்று இன்று சொல்லவில்லை. அவரிடமே நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். சகுபர் பாய் வீட்டில் பிரியாணி. அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "இவுக உங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாக," என்றார். பேசிக்கொண்டே இருப்பாராம். சகுபர் பாய்!

ஏப்ரல் 1, செவ்வாய்

மாயனேந்தல் போய்ச் சொல்லிக்கொண்டேன். அழக்கூடாது என்று போனேன், அழுதேன். பூமயில் மெயின்ரோடு வரை கூட வந்தார். வண்டி இல்லாமல்.

"இந்த ரோட்டுல வெறுங்கையோட நடந்ததே இல்லக்கா. கையி என்னமோ போல இருக்கு," என்றார். பிறகு என் பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். நான் கேட்டும் தரவில்லை. இரண்டு கிலோமீட்டரும் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. சகுபர் பாய் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

கோவை. அண்ணன் வீட்டில், அண்ணன் மகளின் அறையில். வேலைக்கு மூன்று இடங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மதியம் சகுபர் பாயிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பொட்டல் வெளியில் ஒரு சாலை. இரண்டு பெண்கள் முதுகைக் காட்டி நடக்கிறார்கள். ஒருத்தி பச்சைச் சேலை, கையில் பை. இன்னொருத்தி கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போகிறாள், தலை பச்சைச் சேலைக்காரி பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த இன்னொருத்தி நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அடுத்தவர்கள் படத்துக்கே வரி எழுதிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் படம் எடுத்துப் பல வருடம் ஆகிறது.

கீழே மூன்றே சொல். 'ரேணுகா. மாயனேந்தல். பின்.'

இன்னொரு படம் வரும் என்று காத்திருந்தேன். கால்மணி நேரம் ஆகியும் வரவில்லை. இந்த முறை நானாக எதையும் முடிவுசெய்துகொள்ளவில்லை. 'முன் எங்கே பாய்?' என்று கேட்டு எழுதினேன்.

அவர் வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

'அது நீங்க திரும்பி வரும்போது எடுக்குறது மேடம்.'